ஒன்பது எம்.எம்-மா, பாயிண்ட் 32-ஆ? லைசென்ஸ் துப்பாக்கி வாங்கிய அனுபவம்

மாட்டுத்தாவணிப் பக்கம் வாழைத்தார் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். வீடு சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். தார் கொண்டுவருகிற விவசாயிகளில் பாதிப் பேருக்கு அன்றன்றைக்கு ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், அதனால் பணத்தோடு பைக்கில் போய் வருவது அப்பா காலத்திலிருந்தே எங்கள் வழக்கம். 2021 ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி கால்வாய்க் கரை ரோட்டில் மறித்து, இடது தோளில் அரிவாளால் வெட்டிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பையில் 3,80,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனியாக 1,40,000. தோள் ஆறிவிட்டது, ஆனால் இடது கை இன்றைக்கும் ஒரு அளவுக்கு மேல் தூக்க வராது, பிடியிலும் பழைய பலம் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் எந்தத் துப்பாக்கி என்று முடிவானதே இந்தத் தோளை வைத்துத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பைக் சத்தம் பின்னால் கேட்டால் முதுகு விறைத்துக்கொள்ளும். பார்க்க வந்தவர்களெல்லாம் ஒன்று கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள், இல்லையென்றால் துப்பாக்கி வாங்கச் சொன்னார்கள். இரண்டாவதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட லைசென்ஸ் வாங்கினவர் இல்லை. எங்கள் சித்தப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் விவரமாகப் பேசினார். "வாங்கினா ஒன்பது எம்.எம் வாங்குப்பா. மத்ததெல்லாம் பொம்மை" என்றார். ராணுவத்தில் அவர் கையாண்டது பிரௌனிங் ஹை பவர் மாதிரியில் இஷாப்பூரில் செய்த 9 எம்.எம் பிஸ்டல். அவர் சொன்னதை நம்பி அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் படித்ததெல்லாம் அமெரிக்காக்காரர்களின் சண்டை. 9 எம்.எம் ஒரு கட்சி, .45 ஒரு கட்சி, நடுவில் .40 ஒரு கட்சி. இந்த எண்ணெல்லாம் தோட்டாவின் குறுக்களவு, எம்.எம் என்றால் மில்லிமீட்டரில், புள்ளி வைத்தது அங்குலத்தில். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்.பி.ஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டைதான் இந்த வாதத்துக்கெல்லாம் பெரிய அடிப்படை. ஒரு கொள்ளையன் உடம்பில் பாய்ந்த 9 எம்.எம் தோட்டா இதயத்தை எட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட, அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதிகாரிகள் இருவர் செத்துப்போனார்கள். அதன்பிறகு எஃப்.பி.ஐ பெரிய தோட்டாவைத் தேடி 10 எம்.எம்-முக்குப் போனது, சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் அதன் உதை தாங்காமல் 1990-இல் வந்த .40-க்கு இறங்கியது, கடைசியில் பத்து வருஷத்துக்கு முன்னால் மறுபடி 9 எம்.எம்-முக்கே திரும்பிவிட்டது. தோட்டாவின் தயாரிப்பு மேம்பட்டுவிட்டது, உதை குறைவாக இருந்தால் குறி தவறுவதும் குறைவு என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஒரு அடியில் ஆளைச் சாய்க்கும் சக்தி என்று சினிமாவில் காட்டுவது கைத்துப்பாக்கியில் எந்த அளவிலும் கிடையாது. தோட்டா போதுமான ஆழம் போக வேண்டும், போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும், மீதியெல்லாம் அதற்கப்புறம்தான். இவ்வளவு படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது இந்த ஒன்று. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். நான் பல மாதம் செலவழித்தேன், ஏனென்றால் இங்கே அந்த வாதத்துக்கே இடமில்லை என்று சொல்ல ஆளில்லை.

சாமானியனுக்கு இங்கே 9 எம்.எம் கிடையாது. .45-உம் கிடையாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 2016-இல் வந்த ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன: தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர். போர் (bore) என்றால் குழலின் உள்ளளவு, சண்டை இல்லை. ஆபீஸ்களில் சுருக்கமாக பி.பி, என்.பி.பி என்பார்கள். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தக் கைத்துப்பாக்கியில் நுழையுமோ அது தடைப் பட்டியலில் இருக்கும். சர்வீஸ் 9 எம்.எம், .45, பழைய வெள்ளைக்காரன் காலத்து .380, .455 ரிவால்வர்கள் எல்லாம் அதில் வருகின்றன. அவற்றுக்கான அனுமதி மத்திய உள்துறை கையில் இருக்கிறது, நம் மாதிரி ஆட்களுக்கு வருவதற்கில்லை. மாவட்டத்தில் கிடைப்பது என்.பி.பி லைசென்ஸ்தான். அதில் நடைமுறையில் கையில் வருவது .32. கொஞ்சம் .22 உண்டு, பழைய காலத்து .25-உம் மாசர் .30-உம் யாராவது வீட்டுப் பெட்டியில் இருக்கும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர் ஏதாவது வீட்டில் கிடந்தால், லைசென்ஸ் இருக்கிறதா, எந்த போர் என்று உடனே பாருங்கள். தடை செய்யப்பட்ட ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம்.

சரி, விண்ணப்பம். கிராமப் பகுதி என்பதால் எங்களுக்குக் கலெக்டர்தான் லைசென்ஸ் கொடுக்கிறவர். மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் கமிஷனரிடம் போக வேண்டும். படிவம் ஏ-1, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதாக டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, இவையெல்லாம் வேண்டும். நான் எஃப்.ஐ.ஆர் நகலும், காயச் சான்றிதழும், மண்டியின் ஜி.எஸ்.டி கணக்கும் சேர்த்து வைத்தேன். ஆபத்து இருக்கிறது என்று வாயால் சொன்னால் எடுபடாது, காகிதம் பேச வேண்டும். பிறகு அந்த ஃபைல் இரண்டு வழியாக இறங்கும். ஒரு பக்கம் ஆர்.டி.ஓ, தாசில்தார், ஆர்.ஐ, வி.ஏ.ஓ. மறுபக்கம் எஸ்.பி ஆபீஸ், டி.எஸ்.பி, ஸ்டேஷன். இரண்டு பக்கத்து அறிக்கையும் மேலே போய்ச் சேர்ந்தால்தான் உத்தரவு. ஏதோ ஒரு மேஜையில் ஃபைல் படுத்துவிட்டால் எந்த மேஜை என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: ஃபைல் எண், அனுப்பிய தேதி, யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார். அந்த நோட்டு இல்லையென்றால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். விண்ணப்பம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகி, 2023 நடுவில்தான் லைசென்ஸ் வந்தது. மறுத்தாலும், நாம் கேட்டால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாய்மொழியாக "கிடைக்காதுங்க" என்று யாராவது சொன்னால் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும் இடம். மாவட்டத்துக்கு மட்டுமா, தமிழ்நாடு முழுக்கவா என்பதைப் பொறுத்துத்தான் வெளியூர்க் கடையில் வாங்கிக் கொண்டுவரவே முடியும். எனக்குத் தமிழ்நாடு முழுக்க என்று இருந்ததால் தப்பித்தேன்.

இனி துப்பாக்கி. .32 என்று முடிவாகிவிட்டது, அப்புறம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தால், அங்கேதான் ஆளை மாட்டிவிடுவார்கள். .32 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டாவை அடுக்குகிற பிஸ்டலுக்குப் போவது .32 ஏ.சி.பி. ஜான் பிரௌனிங் 1899-இல் வடிவமைத்தது, 7.65 எம்.எம் என்றும் சொல்வார்கள். மருந்து அடைத்த அதன் பித்தளைக் கூடு 17 மில்லிமீட்டர் நீளம், குட்டையாக இருக்கும். சுழலும் சிலிண்டரில் தோட்டா போடுகிற ரிவால்வருக்குப் போவது .32 ஸ்மித் அண்டு வெசன் லாங். அது இன்னும் பழசு, கூடு 23 மில்லிமீட்டருக்கு மேல், அடியில் விளிம்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். லைசென்ஸில் இரண்டுக்கும் .32 என்றுதான் எழுதுவார்கள். கடைக்காரர் அவசரத்தில் எதை எடுத்துக் கொடுக்கிறார் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். எனக்கு ரிவால்வருக்குப் பிஸ்டல் தோட்டாவைக் கொடுத்து, லைசென்ஸிலும் பதிந்து முத்திரை குத்திவிட்டார்கள். பேக்கரியில் பன் மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. பதிவைத் திருத்த ஒரு மனு, அதற்கு ஒரு விளக்கம், அப்புறம் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குட்டைத் தோட்டா ரிவால்வர் சிலிண்டருக்குள் சும்மா நுழைந்துவிடும் என்பதால் "அதையே போட்டுச் சுடுங்களேன்" என்று வேறு ஒருவர் யோசனை சொன்னார். நுழைவது வேறு, அதற்கென்று செய்தது வேறு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்து நீளத்தைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சக்தி என்று பார்த்தால் இரண்டு .32-உம் ஏறக்குறைய ஒன்றுதான். 9 எம்.எம்-மின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரும். சித்தப்பா பொம்மை என்றது இதைத்தான். ஆனால் ஐரோப்பாவில் பல நாட்டுப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் வைத்திருந்தது இதே 7.65-ஐத்தான், வால்தர் பி.பி.கே மாதிரிப் பிஸ்டல்களில். மேலே நான் சொன்ன ஆழமும் குறியும் என்ற கணக்கில் பார்த்தால், .32-க்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: உதை குறைவு. பழக்கமில்லாதவன் இரண்டாவது குண்டையும் முதலாவதற்குப் பக்கத்திலேயே போட முடியும். .22 இதைவிட லேசு, தோட்டாவும் மலிவு, பயிற்சிக்கு அருமை. ஆனால் .22 தோட்டாவில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்பில் இருப்பதால், நடுவில் மருந்து வைத்த தோட்டாவை விட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். உயிருக்கு நம்பி வைக்கிற இடத்தில் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

பிஸ்டலா ரிவால்வரா என்பதில் எல்லோரும் பிஸ்டல் பக்கம்தான் பேசினார்கள். தட்டையாக இருக்கும், சட்டைக்குள் தெரியாது, தோட்டா கூடுதலாகப் பிடிக்கும். உண்மைதான். ஆனால் பிஸ்டலின் மேல்பகுதியை இன்னொரு கையால் பின்னுக்கு இழுத்துத்தான் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும், சிக்கிக்கொண்டால் அதே கையால்தான் விடுவிக்க வேண்டும். கடையில் ஒரு பிஸ்டலை எடுத்து இழுத்துப் பார்த்தேன், இடது தோள் சுளீரென்றது, பாதியோடு நின்றுவிட்டது. ரிவால்வரில் அந்த வேலையே இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் சிலிண்டர் சுற்றி அடுத்தது வந்துவிடும், ஒரே கை போதும். அதற்குப் பதிலாக இழப்பது என்னவென்றால், ஆறே தோட்டாதான் பிடிக்கும், ட்ரிக்கரும் நல்ல கனம். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேராகச் சுடும்போது அந்தக் கனத்தில் நுனி கீழே சாயும், அது பழகிப்பழகித்தான் போகும். ஆகவே வாங்கப் போகிறவர்கள் விவரப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் கையைப் பார்க்க வேண்டும். வயதானவர்கள், பெண்கள், கையில் பழைய அடி உள்ளவர்கள் கட்டாயம் கடையில் வெற்றுத் துப்பாக்கியை இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த நிர்பீக்கும் .32 ரிவால்வர்தான், எடை அரைக் கிலோ, அப்போதே விலை 1,22,360 ரூபாய். எடை குறைந்தால் சுமக்கச் சுகம், சுடும்போது உதை கூடும். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் என்ற .32 ரிவால்வர், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை. நான் வாங்கியது உள்நாட்டு .32 இரும்பு ரிவால்வர், வரியெல்லாம் சேர்த்து லட்சத்தை ஒட்டி ஆனது.

இதற்கு நடுவில் ஒரு தரகர் வந்தார். வெளிநாட்டுப் பிஸ்டல், பழசு, ஆனால் "இப்போதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது" என்றார். கிடைக்காது என்பது உண்மை. எண்பதுகளிலிருந்து சாமானியர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி இல்லை, அதனால் நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. நாலு லட்சம் சொன்னார், ஐம்பதாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டார். விற்கிற லைசென்ஸ்தாரர், தான் விற்கப்போவதை லைசென்ஸ் அதிகாரிக்கும் போலீஸுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டேன், அன்றிலிருந்து தரகர் போனை எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி இருபதாயிரம் திரும்பி வந்தது, முப்பதாயிரம் போனது போனதுதான். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் விற்பவரின் லைசென்ஸ், அதில் பதிந்திருக்கும் எண், துப்பாக்கியின் மேல் வெட்டியிருக்கும் எண், முன்னறிவிப்புக் கடிதம், இந்த நாலும் கண்ணில் படாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பது ஐந்தாவது. மேகசின் ஸ்பிரிங் ஒன்று போய்விட்டால் நாலு லட்ச ரூபாய்ப் பொருள் அலமாரிக்கு அலங்காரம்.

வாங்கிய பிறகு துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டி எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். பயிற்சியை நான் ரைபிள் கிளப் ஒன்றில் எடுத்தேன். முதல் நாள் ஏழு மீட்டரில் வைத்த அட்டையில் ஆறு தோட்டாவில் இரண்டுதான் பட்டது, அதுவும் ஓரத்தில். அதுவரைக்கும் மனசுக்குள் நான் பெரிய ஆளாகத்தான் இருந்தேன். ஏழு மீட்டர் என்பது எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும்கூட இல்லை. வெளிச்சம் இருக்கிறது, யாரும் அரிவாளோடு ஓடிவரவில்லை, அப்படியும் இந்த லட்சணம். .32-க்குப் பதில் 9 எம்.எம் வைத்திருந்தாலும் அட்டையின் ஓரம் ஓரம்தான். தோட்டா ஒன்று நூறு ரூபாயைத் தாண்டியது, போதாததற்கு ஒரே சமயத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே வரம்பு உண்டு. அதனால் வெற்றுத் துப்பாக்கியோடு ட்ரிக்கர் பழகுவதுதான் பெரும்பகுதி. அதற்குத் தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரைத் திறந்து விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார். ட்ரிக்கரில் விரல், சுடுவது என்று முடிவான பிறகுதான். நுனி எப்போதும் ஆளில்லாத பக்கம். இதெல்லாம் சொல்லும்போது சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருக்கும், செய்யும்போதுதான் எத்தனை முறை மறக்கிறோம் என்று தெரியும்.

தோட்டா அளவைப் பற்றி வாய் வலிக்கப் பேசினவர்கள் யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. .32 சின்னது என்றாலும் மரக்கதவைத் துளைத்துக்கொண்டு போகும், தகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் முன்பக்கம் தகரச் சாய்ப்பு, அதற்கு அந்தப் பக்கம் அம்மா கட்டில். ராத்திரி வாசலில் நிற்பவனை நோக்கிச் சுட்டால், பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு எனக்கு இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் நின்றால் எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். அம்மா கட்டிலை உள்ளறைக்கு மாற்றியாயிற்று. அப்புறம் பூட்டு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தலையணைக்கடியில் வைப்பது நடக்காத காரியம். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு எண் பூட்டுப் பெட்டி வாங்கிச் சுவரோடு முடுக்கினேன். இருட்டில் அதைத் திறக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும், அதனால் கதவும் வெளிச்சமும் அந்த நேரத்தை வாங்கித்தர வேண்டும். பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு நல்ல பூட்டாகப் போட்டதற்கு ஆன செலவு, துப்பாக்கி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டத்தையும் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டேன். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா, தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருக்கும்போது எதிராளி சாகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ளலாம். கொள்ளை, ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைவது போன்றவையும் அதில் வரும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடாது. தார் திருடிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நான்தான் குற்றவாளி. "பயமுறுத்த வானத்தைப் பார்த்து ஒண்ணு" என்று மண்டியில் எல்லோரும் சொல்வார்கள். மேலே போன தோட்டா எங்காவது இறங்கத்தான் செய்யும், கண்மூடித்தனமாகச் சுட்டதற்கு வழக்கும் வரும். கல்யாண வீட்டில் கொண்டாட்டத்துக்குச் சுட்டாலே இப்போது இரண்டு வருஷம் வரை சிறை.

கூடவே எடுத்துப் போவது நினைத்ததை விடத் தொல்லை. பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல், நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனையே விடமாட்டார்கள், இதை எங்கே விடுவது? கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வண்டியில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஆகவே அது இருக்கிற நாளில் என் நாள் முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் ஒரு பெக் கூடப் போட முடியாது. அது உடம்புக்கு நல்லதுதான் என்கிறாள் என் வீட்டுக்காரி.

எல்லாவற்றையும் விட என்னை நோக வைத்தது 2024 தேர்தல். மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல். ஒப்படைத்தேன். தமிழ்நாட்டில் ஓட்டு ஏப்ரல் 19-இலேயே முடிந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கை ஜூன் 4. நடத்தை விதி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இடையில் சித்திரைத் திருவிழா, ஏப்ரல் 23 அழகர் ஆற்றில் இறங்கினார். வாழைக்கும் இலைக்கும் அதுதான் உச்ச விற்பனை, வருஷத்திலேயே அதிக ரொக்கம் கையில் புரளும் நாட்கள். எந்தப் பயத்துக்காக ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்து வாங்கினேனோ, அந்தப் பயத்தின் சீசன் முழுக்கத் துப்பாக்கி ஸ்டேஷன் பீரோவில் இருந்தது. அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உண்மையான அச்சுறுத்தல் இருப்பவர்கள் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம், மாவட்டத்தில் அதைப் பரிசீலிக்க ஒரு குழு உண்டு. எஃப்.ஐ.ஆர் நகலோடு முன்கூட்டியே மனு தயாராக இருக்க வேண்டும், அறிவிப்பு வந்த பிறகு தேடினால் நேரம் போதாது. ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, அப்போதைய நிலைமை எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். நன்றாக எண்ணெய் போட்டுக் கொடுங்கள். எனக்குத் திரும்பி வந்தபோது சிலிண்டரில் துரு ஆரம்பித்திருந்தது.

அந்த மூன்று மாதத்தில் வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடுகள்தான் இன்றைக்கும் ஓடுகின்றன. பெரிய விவசாயிகளுக்கெல்லாம் வங்கிக் கணக்கில் போடுகிறேன். சின்னத் தொகைக்கு ஜிபே. கிழவர்கள் சிலர் மட்டும் ரொக்கம்தான் வேண்டும் என்பார்கள், அவர்களுக்குக் காலையில் மண்டியிலேயே கொடுத்தனுப்புகிறேன். மிச்சத்தைச் சாயங்காலத்துக்குள் வங்கியில் கட்டிவிடுவது. ராத்திரி என் பையில் இப்போது ஐயாயிரத்துக்கு மேல் இருக்காது, கால்வாய்க் கரைப் பாதையை விட்டுச் சுற்றுவழியாக மெயின் ரோட்டில் வருகிறேன். வீட்டுக்கு ஒரு கோம்பை நாய் வந்திருக்கிறது, முன்பிருந்த நாட்டு நாயோடு சேர்ந்து தெருவையே ஆட்டிவைக்கிறது. துப்பாக்கி பெட்டிக்குள்தான் பெரும்பாலும் கிடக்கிறது. விற்றுவிடலாமே என்று கேட்கிறார்கள். விற்க மாட்டேன். வெட்டினவர்களில் ஒருவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான், அவன் ஊரும் எங்கள் ஊரும் ஒரே பஸ் ரூட்.

இதைப் படிக்கிறவர்கள் லைசென்ஸ் வைத்திருந்தால் ஒன்று செய்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். முடிகிற தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள், புதுப்பிக்க முன்கூட்டியே மனுக் கொடுங்கள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் ஒருநாள்கூடச் சும்மா இருக்கக் கூடாது, உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், வாரிசுகள் பிறகு தங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். என் வீட்டுக்காரியிடம் பெட்டியின் எண், லைசென்ஸ் நகல், ஸ்டேஷன் போன் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.